கண்ணாடி மேல வெச்ச பொட்டு

அத மேல வைக்காதீங்க தம்பி. மேல வேணாம். இந்த பஸ்சு குலுங்கற குலுக்கல்ல உருண்டு வந்து யார் தலையிலயாவது விழும். மடியிலயே வெச்சுக்கங்க. இல்ல, இங்க குடுங்க, நான் வெச்சுக்கறேன். வேணாமா? சரி, நீங்களே வெச்சுக்கங்க. நான் தொடாம இருக்கறதும் நல்லதுதான்.

ஆரஞ்சுப் பை. ஏறும்போதே பாத்துட்டேன். காத்துப் பைதான அது? உள்ள சின்ன சிலிண்டரு, தலைக்கு மாட்டிக்கற முகமூடி, பக்கத்துல வட்டமா ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள்ள ஒரு முள்ளு. முள்ளு பச்சையில நின்னா காத்து இருக்குது, செவப்புல நின்னா இல்ல. விஷக்காத்து கெளம்பிச்சுன்னா மூடிய இழுத்து, முகமூடிய தலையில கவுத்துக்கினு ஓடியாந்துடணும். பதினஞ்சு நிமிசம் தாங்கும். சரியா சொல்றனா? எட்டு வருசம் அதோட குடும்பம் நடத்தினவன் தம்பி நான்.

நீங்க இத விக்கறவரா, ரிப்பேர் பாக்கறவரா? காத்து ரொப்பிக் குடுக்கற கம்பெனியா! அடடா. கடவுளாப் பாத்து உங்கள இந்த சீட்டுல கொண்டாந்து உக்கார வெச்சிருக்கறாரு. சிரிக்காதீங்க. உண்மையாத்தான் சொல்றேன். பதினாறு நாளா உங்கள மாதிரி ஒரு ஆளத்தான் தேடிக்கினு இருக்கறேன்.

எங்க எறங்கணும் நீங்க? கடைசி ஸ்டாப்பா? நான் அதுக்கு முன்னாடியே, மேல்புலம் கூட்ரோடுல. இன்னும் முக்கால் மணி நேரம் ஆவும். தம்பி, ஒரு ஒத்தாசை. மாட்டேன்னு சொல்லக்கூடாது. எங்கூட கூட்ரோடுல எறங்குங்க. ரோட்ட ஒட்டினாப்பலதான் என் தங்கச்சி ஊடு. அஞ்சே நிமிசம். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். "அம்மா, இந்தப் பையில காத்து தானா கசிஞ்சு போறது உண்டும்மா, யாரு மேலயும் தப்பு இல்ல"ன்னு. நீங்க படிச்சவரு, இதுலயே வேலை பாக்கறவரு. நீங்க சொன்னா நம்புவா. அப்பால அடுத்த பஸ்ச புடிச்சுப் போயிடலாம், அரை மணிக்கு ஒண்ணு வருது.

கசியும்தான? கொஞ்சம் கொஞ்சமா கசியும்தான? வருசத்துக்கு ஒரு நூல் எறங்கும்னா... அது போதும் தம்பி. ஒரு நூலு போதும். அந்த ஒரு நூல சொல்லுங்க, போதும்.

இந்த மஞ்சப் பையில இருக்கறது கோடிப் புடவை. இன்னைக்கு அவ ஊட்டுக்காரனுக்குப் பதினாறாம் நாளு, கருமாதி. புருசன் போனவளுக்குப் பொறந்த ஊட்டுக் கோடின்னு ஒண்ணு இருக்குதே, அத அண்ணன் தம்பிதான் போடணும். எங்களுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல. நான் ஒருத்தன்தான். அஞ்சு வயசுல இருந்து தோள்ல தூக்கிக்கினு திரிஞ்ச பொண்ணு தம்பி அது, குமுதவல்லி. நான் போடற கோடிய அவ வாங்கலன்னா எனக்கும் அவளுக்கும் ஒட்டு உறவு இல்லன்னு அர்த்தம். ஊரு பாக்க, பங்காளிங்க பாக்க, முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்.

வெள்ளை எடுக்கல. இந்தக் காலத்துல யாரு வெள்ளை எடுக்கறாங்க. நீலம். அவளுக்கு நீலம்னா உசுரு.

அவ இன்னா சொல்லி அனுப்பினா தெரியுமா? எங்க சித்தப்பா போயி கேட்டாரு, "அண்ணன் கோடி கொண்டாரட்டுமாம்மா"ன்னு. அதுக்கு அவ, "கொண்டாரட்டும். நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போடட்டும். இல்லன்னா வாசல்லயே வெச்சுட்டுப் போவட்டும்"னா. வாசல்ல. பிச்சைக்காரனுக்கு வெக்கறாப்பல என்னைய வெச்சுட்டுப் போவச் சொல்றா. என்னைய!

இன்னா கேள்வியா? சொல்றேன். மொதல்லேர்ந்து சொல்றேன். நீங்களே கேட்டுட்டு நியாயத்த சொல்லுங்க.

தோல் கம்பெனிங்களோட கழிவுத்தண்ணியெல்லாம் ஒரு எடத்துக்கு வந்து சேரும். அத சுத்தம் பண்ற பிளான்ட்டுல வேலை எனக்கு. ஸ்டோரும் நான்தான், சேஃப்டியும் நான்தான். சம்பங்கி, அதான் என் தங்கச்சி ஊட்டுக்காரன், அவன் ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தான். நான்தான் மாப்ளைய கூப்ட்டு பம்ப்பு ஆளா சேத்துவுட்டேன். மாசம் பொறந்தா சம்பளம், வெயிலு மழைன்னு அலைய வேணாம்னு. நல்லதுக்குத்தான் செஞ்சேன். நான் செஞ்சதெல்லாம் நல்லதுக்குத்தான் தம்பி.

பம்ப்பு ரூம்பு தரைக்குக் கீழ. இருவத்திரண்டு படி, இரும்பு ஏணி. கீழ ரெண்டு பேர் எறங்கினா ரெண்டு காத்துப் பை அங்க கொக்கியில தொங்கணும். ரூலு. ஒரு பை கம்மின்னா ஒருத்தனும் எறங்கக் கூடாது, வேலைய நிறுத்திடணும். அந்த ரூல அட்டையில எழுதி ஒட்டினதே நான்தான். என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.

ஆயுத பூசைக்கு முந்தின நாளு, வெளிநாட்டுலேர்ந்து தோல் வாங்கற பார்ட்டிங்க நாலு பேரு பிளான்ட்ட பாக்க வந்தாங்க. மேனேஜரு என்னைய கூப்ட்டாரு. "ஏகாம்பரம், அந்தப் பைய மாட்டிக் காட்டுப்பா"ன்னாரு. மாட்டினேன். காத்து உஸ்ஸுன்னு வருது. அவங்க போட்டோ புடிக்கறாங்க. ஒருத்தன் இப்படித் திரும்புங்கறான், ஒருத்தன் கட்டை விரல தூக்கிக் காட்டுங்கறான். ஒரு அம்மா பக்கத்துல நின்னு எடுத்துக்கினா. நமக்கும் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த போட்டோவ பெருசா பிரிண்டு போட்டு ஆபீசு சொவத்துல மாட்டறேன்னாரு மேனேஜரு. மாட்டவும் செஞ்சாரு. இப்பவும் தொங்குது, முகமூடிக்குள்ள நான்தான் சிரிச்சுக்கினு இருக்கறேன்.

கழட்டிப் பாத்தா முள்ளு செவப்புல.

"ரொப்பறதுக்கு எழுதிடுப்பா"ன்னு சொல்லிட்டு மேனேஜரு அவங்களோட கார்ல போயிட்டாரு. எழுதியிருக்கலாம். எழுதினா பைய எடுத்து அனுப்பணும். போயி வர பத்து நாளு. பத்து நாளும் கொக்கியில ஒரு பை கம்மி. அப்ப என் ரூலுப்படி பம்ப்ப யாரும் தொடக் கூடாது. மழைக்காலம் வேற, தண்ணி ரொம்பிக்கினு வருது. பம்ப்பு நின்னா முதலாளிங்க யார கேப்பாங்க? மேனேஜர கேப்பாங்க. மேனேஜரு யார கேப்பாரு? அடுத்த நாளு பூசை, அதுக்கு அடுத்த நாளு விஜயதசமி லீவு. வந்து பாத்துக்கலாம்னு பைய சுத்தமா மடிச்சு, கொண்டு போயி கொக்கியில மாட்டிட்டேன். எட்டு வருசத்துல ஒரு நாளாவது அந்தப் பைய அவசரத்துக்கு எடுத்தோமா? எடுக்கலையே. பத்து நாள்லயா எடுக்கப் போறோம்னு இருந்துட்டேன்.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? யாராயிருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க.

பூசை அன்னைக்கு எல்லாத்தையும் கழுவித் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சோம். பம்ப்புக்கு, மோட்டாருக்கு, கரண்டு பெட்டிக்கு, ஸ்பானருக்கு, மம்புட்டிக்கு, ஏணிக்குக் கூட. காத்துப் பைக்கும் வெச்சேன். அதுவும் ஆயுதந்தான? உசுரக் காப்பாத்தற ஆயுதம். பூசணிக்காய் சுத்தி ஒடச்சோம். சம்பங்கிதான் ஒடச்சான். பொரிகடலைய வாயில அள்ளிப் போட்டுக்கினு கீழ எறங்கி வந்தவன் அந்தக் கொக்கியப் பாத்தான். பாத்துட்டு இன்னா சொன்னான் தெரியுமா? "ஏன் மச்சான், இவளப் பாருங்க. மூஞ்சி நெறைய பொட்டு வெச்சுக்கினு பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால நிக்கறாப்பலயே நிக்கறா. இவ என்னுது. அந்த வெறும் நெத்தி உங்களுது"ன்னான்.

விளையாட்டுக்காரன். எப்பவும் அப்படித்தான். அன்னைக்கிலேர்ந்து அவனுக்கு அது "என் பை." கீழ எறங்கினா அத ஒரு தட்டு தட்டுவான், "இன்னாடி சௌக்கியமா"ன்னு. ஊட்டுல போயி குமுதாகிட்டயும் சொல்லியிருக்கறான். "உனக்கு ஒரு சக்களத்தி வந்துட்டா, பொட்டு வெச்சவ, பம்ப்பு ரூம்புல இருக்கறா"ன்னு. அவ சிரிச்சுக்கினே எனக்கு போன் பண்ணினா. "இன்னாண்ணே, உன் மாப்ள இப்படி சொல்றாரு"ன்னு. நானும் சிரிச்சேன்.

இன்னா கேக்கறீங்க? காதுல சரியா விழல, பஸ்சு சத்தம். ரெண்டு பைக்கும் கண்ணாடி மேலதான் பொட்டு வெச்சீங்களான்னா?

ம். இல்ல. மத்தத்துக்குப் பட்டையில வெச்சேன்.

ஒரே ஒரு பைக்குத்தான் கண்ணாடி மேல வெச்சேன். கண்ணாடி வட்டமா இருந்துச்சு, நெத்தி மாதிரி. கை தானா போயிடுச்சு. லாரிக்கு, மிசினுக்கு, எங்க வெச்சாலும் வட்டமா இருக்கற எடத்துலதான வெக்கறோம்? அப்பால அத யாரு அழிப்பாங்க? பூசைப் பொட்ட யாராவது அழிப்பாங்களா, சொல்லுங்க. அது தானா காஞ்சு, உதுந்து போவற வரைக்கும் அப்படியேதான் இருக்கும். அடுத்த வருசப் பூசை வரைக்கும் இருக்கும். முதல் தேதி நான் செக்கு பண்ணி அட்டையில கையெழுத்துப் போடணும். போட்டேன். "பொட்டத் தொடச்சுப் பாக்கலையா"ன்னு விசாரணையில கேட்டாரு, ஃபேக்டரி இன்ஸ்பெக்டரு. "சாமி பொட்டுங்க சார்"னேன். அவரும் நெத்தியில திருநீறு இட்டவருதான். கட்டை விரல எச்சி பண்ணி அந்தக் கண்ணாடியத் தேச்சாரு. முள்ளு செவப்புக்கும் கீழ படுத்துக்கெடந்துச்சு.

கருமாதிப் பேச்சு பேசறப்ப குமுதா சித்தப்பாகிட்ட சொல்லியிருக்கறா: "கண்ணாடி மேல வெச்ச பொட்டு அழியக் கூடாதுன்னு அத்தன பேரும் பாத்துக்கிட்டாங்க. என் பொட்ட அழிக்க மட்டும் பதினாறாம் நாளு எல்லாரும் மொத ஆளா வந்துடுவாங்க." இப்படிப் பேசற பொண்ணு இல்ல தம்பி அவ. ரெண்டு வார்த்தை சேத்துப் பேசினாலே வெக்கப்படற பொண்ணு.

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

தீவாளிக்கு நாலு நாளு இருக்குது. காலையில பத்தரை மணி. பம்ப்புல அடைப்பு. தோல்லேர்ந்து வர மயிரு, சவ்வு, எல்லாம் போயி சிக்கிக்கும். அது வாரத்துக்கு ஒரு தரம் நடக்கறதுதான். சம்பங்கியும் நானும் எறங்கினோம். எனக்கு எறங்க வேண்டிய அவசியம் இல்ல, வேற ஆளு லீவு, மாப்ளைக்குத் துணைக்குன்னு எறங்கினேன். இதையும் குமுதாகிட்ட சொல்லணும். துணைக்குத்தான் எறங்கினேன்.

போல்ட்ட கழட்டினான். சேறு பீச்சிக்கினு வந்துச்சு. கூடவே நாத்தம். அழுவின முட்டை நாத்தம். நாத்தம் அடிக்கற வரைக்கும் பயம் இல்ல, உங்களுக்குத் தெரியாததா. திடீர்னு நாத்தம் நின்னுபோச்சு. காத்து சுத்தமாயிடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க தெரியாதவங்க. காத்து சுத்தமாவல, மூக்கு செத்துபோச்சு. அலாரப் பொட்டி கத்த ஆரம்பிச்சுது.

சம்பங்கி கொக்கி பக்கத்துல நிக்கறான். எட்டி ரெண்டு பையையும் எடுத்தான். ஒண்ண என் பக்கம் வீசினான். பட்டையில பொட்டு இருந்தத. "புடிங்க மச்சான்! நீங்க முன்னால ஏறுங்க, உங்களுக்கு முட்டி வலி, நான் பின்னால புடிச்சுக்கறேன்"னான். அவன் பைய அவன் மாட்டினான். நான் என் பைய மாட்டினேன். ஏறினேன். முகமூடிக்குள்ள ஒண்ணும் கேக்காது தம்பி, காத்து உஸ்ஸுன்னு வர சத்தம் மட்டும்தான் கேக்கும். கீழ இன்னா நடக்குதுன்னு எப்படித் தெரியும்? முட்டி வேற. ஒவ்வொரு படியா, ரெண்டு காலும் வெச்சு வெச்சு ஏறினேன். மேல வந்து திரும்பிப் பாத்தேன். பின்னால அவன் இல்ல.

இல்ல.

இதுல நான் இன்னா செய்ய முடியும்? அவன் எடுத்தான், அவன் மாட்டினான். நானா எடுத்துக் குடுத்தேன்? ஊரெல்லாம் சொல்றாங்களே, "நல்லதத் தனக்கு வெச்சுக்கினு காலியான பைய தங்கச்சி புருசன் தலையில கட்டிட்டான்"னு. நாக்கு அழுவாதா அவங்களுக்கு? அவன்தான தம்பி எனக்கு வீசினான்?

இன்னொண்ணும் பேசறாங்க. மேல வந்தப்பறம் என் பையில இன்னும் காத்து இருந்துச்சே, திரும்ப எறங்கித் தூக்கியிருக்கலாமேன்னு. நீங்க சொல்லுங்க, நீங்கதான் சொல்லணும். அது ஓடியாறதுக்கு உள்ள பை. உள்ள போறதுக்கு உள்ளதில்ல. அத மாட்டிக்கினு காப்பாத்தப் போனவங்கல்லாம் ரெண்டாவது பொணமாத்தான் வந்திருக்கறாங்க. எனக்குப் பாடம் எடுத்த சாரே சொல்லியிருக்கறாரு. அதையும் அட்டையில எழுதி ஒட்டியிருக்கறேன். ரூலுப்படிதான் நின்னேன்.

பதினஞ்சு நிமிசப் பை. மேல ஏற மூணு நிமிசம். மிச்சப் பன்னெண்டு நிமிசமும் முகமூடிய கழட்டத் தோணல எனக்கு. வேப்ப மரத்தடியில, நல்ல காத்துல உக்காந்துக்கினு அந்தக் காத்தையே இழுத்துக்கினு இருந்தேன். ஆளுங்க ஓடறாங்க, கயிறு கொண்டாராங்க, ஃபயர் சர்வீஸுக்குப் போன் பண்றாங்க. எனக்கு உஸ்ஸுன்னு மட்டும்தான் கேக்குது. அது நின்னப்பறம்தான் கழட்டினேன். கழட்டின உடனே அழற சத்தம் கேட்டுச்சு. யாரு அழறாங்கன்னு பாத்தேன். நான்தான்.

குமுதா ஆஸ்பத்திரி வாசல்ல என் கையப் புடிச்சுக்கினு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அண்ணே, அவரு அந்தப் பைய எடுக்கறப்ப நீ பாத்தியா?"

அவ்வளவுதான். பை ஏன் காலியாச்சு, யாரு செக்கு பண்ணாங்க, ஒண்ணும் கேக்கல. நீ பாத்தியான்னு கேட்டா.

"பொகையா இருந்துச்சும்மா, தெரியல"ன்னேன். கைய விட்டுட்டா. அந்தக் காத்துக்கு நெறமே கெடையாதுன்னு சம்பங்கி அவளுக்குச் சொல்லியிருக்கறான் போல. ஊட்டுல எல்லாத்தையும் சொல்ற ஆளு.

அதான் தம்பி. நீங்க வந்து தானா கசியும்னு சொல்லிட்டா, அப்பால நான் பாத்தா இன்னா, பாக்காட்டி இன்னா? பாத்தும் எனக்குத் தெரியாதுன்னு ஆயிடுமில்ல? முள்ளு எப்பவோ தானா எறங்கியிருக்குது, பாவம் அண்ணனுக்கும் தெரியல, அப்படின்னு ஆயிடும். கோடிய என் கையால வாங்கிக்குவா. வேற ஒண்ணும் வேணாம். வேலை போனாப் போவட்டும், கேசு போடட்டும், உள்ள வைக்கட்டும். அவ வாங்கிக்கட்டும்.

அப்ப அவன்கிட்ட பேசறதுக்கு நேரம் எங்க இருந்துச்சு? எல்லாம் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள நடந்துபோச்சு. "ஸ்பானர விடுடா"ன்னு கத்தினேன். அவன் அந்த ஸ்பானர கையில புடிச்சுக்கினே நிக்கறான். "செருப்பக் கழட்டு, வழுக்கும்"னேன். "பட்டைய இறுக்கிக் கட்டு"ன்னேன். அதுக்குள்ள...

ம்.

ஆமா. பேசியிருக்கறேன் இல்ல.

இதுவரைக்கும் யார்கிட்டயும் இத சொல்லல. விசாரணையிலகூட சொல்லல. இப்பதான் எனக்கே ஞாபகம் வருது, செருப்பக் கழட்டுன்னு சொன்னேன். கழட்டினான். நான் சொன்னா கேப்பான் தம்பி. எது சொன்னாலும் கேட்டுடுவான்.

கை தானா போவல. எங்க விட்டேன், கண்ணாடி மேல கை தானா போச்சுன்னு சொன்னனே, அது இல்ல. பூசைக்கு மேனேஜரு கீழ எறங்குவாரு, செவப்பு முள்ளப் பாத்தா "ஏன் இன்னும் மாட்டி வெச்சிருக்கற"ன்னு கேப்பாருன்னுதான் வெச்சேன். சந்தனத்த கட்டியா கொழைச்சு, விரல வெச்சு ஒரு சுத்து சுத்தி, முள்ளு தெரியாதபடி வெச்சு, அதும் மேல குங்குமம் வெச்சேன். முழுப் பூசணிக்காய சோத்துல மறைப்பாங்கம்பாங்க. நான் ஒரு முள்ளப் பொட்டுல மறைச்சேன். அந்தப் பொட்டத்தான் அவன் "என்னுது"ன்னான். பதினஞ்சு நாளு தம்பி. பதினஞ்சு நாளு அவன் அதத் தட்டித் தட்டி "சௌக்கியமா"ன்னு கேட்டப்பல்லாம் நான் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கினு இருந்தேன். லீவு முடிஞ்சு எழுதலாம்னு இருந்தேன், அப்பால தீவாளி முடிஞ்சு எழுதலாம்னு இருந்தேன்.

அவன் எடுக்கறப்ப பாத்தேன். நல்லாப் பாத்தேன். சந்தனம் காஞ்சு ஓரமா வெடிச்சிருந்துச்சு, குங்குமம் அப்படியே இருந்துச்சு. எது எவன் கையில இருக்குதுன்னு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. தவளை தன் வாயால கெடும்பாங்க. நான் வாயத் தொறக்காம அவனைக் கெடுத்தேன்.

ஏன் சொல்லலன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கல. நான்தான் கேட்டுக்கறேன். பதினாறு நாளா கேட்டுக்கறேன். சொன்னா, என் கையில இருக்கறத அவன் கேட்டுடுவானோன்னு இருந்துச்சு. அவ்வளவுதான். வேற ஒரு காரணமும் இல்ல. மேனேஜரு பயம் இல்ல, மெமோ பயம் இல்ல. என் பைய கேட்டுடுவானோன்னு.

கேட்டிருக்க மாட்டான் தம்பி! அதான் என்னால தாங்க முடியல. "நீங்க மாட்டுங்க மச்சான்"னுதான் சொல்லியிருப்பான். சொல்லிட்டு மூச்சப் புடிச்சுக்கினு ஏறியிருப்பான். எங்க ஊரு ஏரியில முங்கினான்னா கரையில இருக்கறவங்க பயந்து கத்துவாங்க, அப்பறம் அந்தாண்டை போயி எழுந்திரிச்சு சிரிப்பான். ஒண்ணரை நிமிசம் முங்குவான். இருவத்திரண்டு படி அவனுக்கு அரை நிமிசம். காலின்னு தெரிஞ்சிருந்தா எனக்கு முன்னால ஏறிப் போயிருப்பான். பை இருக்குதேன்னு நம்பித்தான் என்னைய முன்னால ஏத்திவிட்டான். பை இருக்குதேன்னு நம்பித்தான் கீழ நின்னு மூச்ச இழுத்தான். ரெண்டு பேரும் மேல வந்திருப்போம். ரெண்டு பேரும், தம்பி.

கண்டக்டர் விசிலு குடுக்கறாரு. கூட்ரோடு வந்துடுச்சு. அதோ, அந்த வாழைமரம் சாய்ச்சு வெச்ச பந்தல்தான் ஊடு. ஆளுங்க நிக்கறாங்க. எனக்காகத்தான் நிக்கறாங்க, பொறந்த ஊட்டுக் கோடி வராம மத்தது ஆரம்பிக்க முடியாது.

இன்னா, எழுந்திரிக்கறீங்க? வரீங்களா? எங்கூடவா? இவ்வளவும் கேட்டுட்டு... தானா கசியும்னு சொல்றேன்றீங்களா?

நீங்க மகராசனா இருக்கணும். வேணாம் தம்பி. உக்காருங்க. பைய கீழ வுட்டுடாதீங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்ங்க. வாட்ச்சு கட்டியிருக்கீங்களே, அதுல செகண்டு முள்ளு ஓடுதில்ல? அதப் பாத்துக்கினே இருங்க. நான் சொல்றேன், எவ்வளவு நேரம் ஆவுதுன்னு பாருங்க. "மாப்ள, அது காலி."

எத்தனை ஆச்சு? ரெண்டா? சரியாப் பாத்தீங்களா? ரெண்டுதானா?

இதோ எறங்கறேன் கண்டக்டர். கொஞ்சம் வழி விடும்மா, புடவை கசங்கிடப் போவுது. முட்டி வலி, மெதுவாத்தான் எறங்க முடியும். வண்டிய எடுத்துடாதீங்க. ரெண்டு செகண்டு நில்லுங்க.